பசுவுக்கு விடுதலை, எனக்குச் சாவடி

மனிதனுக்கு ஊரைத் திருத்தும் கோபம் இருபது வயதில் வரும், கல்யாணம் ஆனதும் போய்விடும் என்று சொல்கிறார்கள். எனக்கு வந்தது போகவில்லை. பல் விழுந்து, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்கும் இந்த வயதிலும் யாராவது 'முன்சீப்' என்று சொன்னால் எனக்குக் காது சிவக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்கள்.

கிராம முன்சீப் என்றால் யார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஊருக்கு ஒருவர் இருப்பார். நிலவரியை வசூல் செய்வது அவர் வேலை. ஊரில் திருட்டு, அடிதடி என்றால் ஆளைப் பிடித்து வைப்பதும் அவர்தான். பிடித்து வைத்த ஆள் குற்றவாளியா இல்லையா என்று, வழக்கு சின்னதாக இருந்தால், தீர்ப்புச் சொல்வதும் அவரேதான். (ஒரே ஆள், ஒரே வேட்டி, ஒரே வெற்றிலைப்பெட்டி!) இது போதாதென்று எங்கள் ஊரில் பவுண்டும் அவர் பொறுப்பில் இருந்தது. அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற தொழுவத்துக்கு எங்கள் பக்கம் பவுண்டு என்று பெயர்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் முன்சீப் ரெங்கசாமி, அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். சிரித்துக்கொண்டே பேசுவார். அதுதான் கொடுமை. அடிக்கிறவனைக் கொடுங்கோலன் என்று சொல்ல நாலு பேராவது வருவார்கள். சிரிக்கிறவனை என்ன சொல்வது?

யுத்தம் முடிந்திருந்தது. மதுரையில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் முகமெல்லாம் புகையோடு ஊர் வந்து சேர்ந்தேன். முடிவு வரும் வரை எனக்கு வேலை இல்லை. ஊருக்கு அரசியல் சட்டம் கற்றுக்கொடுப்பதை நானே வேலையாக எடுத்துக்கொண்டேன். டெல்லியில் பெரியவர்கள் கூடி, வரப்போகும் சுதந்திர நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதப்போகிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தாமதமாக வரும் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சவரக்கடையில் போய் உட்காருவேன். முகத்தில் சோப்பு நுரையோடு இருப்பவனால் எழுந்து ஓட முடியாது. அதனால் எனக்குச் சபை எப்போதும் தயாராக இருந்தது.

"சட்டம் போடுகிறவன் ஒருவன். அதை நடத்துகிறவன் இன்னொருவன். தகராறு வந்தால் நியாயம் சொல்கிறவன் மூன்றாவது ஆள். இந்த மூன்று அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் அந்தக் கை யார் கழுத்தை வேண்டுமானாலும் பிடிக்கும். கையை எடு என்று சொல்ல வேறு கை இருக்காது" என்பேன்.

"கழுத்துன்னு சொல்லாதீக தம்பி, கத்தி நிக்கிற எடம்" என்பார் சவரம் செய்கிறவர்.

இப்படி நான் ஊரைப் பண்படுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் மயிலைப் பசு அகத்திக் கீரையைத் தின்றது.

அகத்தி முன்சீப்பின் கொடிக்காலில் நின்றது. வெற்றிலைக் கொடி படர்வதற்காக அகத்தி வளர்ப்பார்கள். ஓரத்து மரத்தின் கிளை ஒன்று வேலியைத் தாண்டி வண்டிப்பாதைக்கு மேல் தொங்கியது. மேய்ச்சலுக்குப் போன பசு பாதையில் நின்றபடி, அண்ணாந்து, அதை எட்டித் தின்றது. நான் சொல்வது சத்தியம். அதன் ஒரு குளம்புகூட வேலிக்குள் போகவில்லை. ஆனாலும் தலையாரி கருப்பணன் அதைப் பிடித்துக்கொண்டுபோய் பவுண்டில் அடைத்துவிட்டார். தலையாரி என்றால் முன்சீப்புக்குக் கீழே வேலை பார்க்கும் ஊர்க்காவல்காரர்.

வீட்டில் எங்கள் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. அந்தப் பசுவின் பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டிக்கொண்டிருந்தோம். பசு வரவில்லை என்றதும் தொழுவத்தில் கன்று கத்தியது. வீட்டுக்குள் குழந்தை கத்தியது. அப்பா கம்பம் சந்தைக்குப் போயிருந்தார்.

அம்மா என்னிடம், "ஏலே, முன்சீப்பு வீட்டுக்குப் போயி, தெரியாம நடந்துருச்சுய்யான்னு ரெண்டு வார்த்தை பணிவாச் சொல்லு. விட்டுருவாக" என்றாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பி.ஏ. பரீட்சை எழுதியவன் அப்படி முடிக்கலாமா? "பணிவு எதற்கு? தவறு நம் மேல் இல்லை. இது கொள்கை சம்பந்தப்பட்ட விஷயம்" என்றேன். (பசிக்கிற குழந்தைக்கு முன்னால் நின்று கொள்கை என்று சொன்ன அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே அறையத் தோன்றுகிறது.)

முன்சீப் அலுவல் பார்க்கும் சாவடியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரி கட்ட வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். இவ்வளவு பெரிய சபை சவரக்கடையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைத் தமிழில் ஆரம்பித்தேன்.

"ஐயா, மாட்டைப் பிடிக்கச் சொன்னவர் தாங்கள். குற்றம் சாட்டுபவர் தாங்கள். தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் தாங்கள். நிர்வாகமும் நீதியும் ஒரே கரத்தில் குவிந்தால் அங்கே கொடுங்கோன்மை பிறக்கும்!"

"யாரு கரத்துல தம்பி?"

"தங்கள் கரத்தில்."

முன்சீப் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு இருந்தது. அதை நாற்காலிக் காலில் துடைத்தார். "சரிதாம்ப்பா. நாலெழுத்துப் படிச்சவன் சொல்றே. இப்பயே பிரிச்சிருவோம்" என்று எழுந்தார்.

எதிரில் இருந்த கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இங்கன இருக்கும்போது நான் பிராதுக்காரன். அய்யா நியாயவான்களே, இவுக மாடு எங் கொடிக்கால்ல அகத்தியத் தின்னுருச்சு." மறுபடி எழுந்து நாற்காலிக்கு வந்தார். "இப்ப நான் நியாயம் கேக்குறவன். தம்பி, நீ என்ன சொல்றே?"

கூட்டம் கமுக்கமாகச் சிரித்தது. எனக்கு அது கேட்கவில்லை. என் முதல் வழக்கு அல்லவா? வேலி எங்கே முடிகிறது, பாதை எங்கே தொடங்குகிறது, கிளை எங்கே தொங்குகிறது என்று சுண்ணாம்புக்கட்டியை வாங்கித் தரையில் படமே போட்டுவிட்டேன். தலையாரி கருப்பணனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் முன்சீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"பாதையிலதான்யா நின்னுச்சு" என்றார்.

முன்சீப் கண்ணை மூடி யோசித்தார். "மாடு பாதையில நின்னுருக்கு. அதுமேல குத்தமில்ல. மாட்டை விட வேண்டியது. இது தீர்ப்பு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கைகூப்பினேன். "அப்படியானால் பவுண்டைத் திறக்க உத்தரவிடுங்கள் ஐயா."

"யாருக்கு?"

"தங்களுக்குத்தான்."

"நான் நியாயம் சொல்றவம்ப்பா. பவுண்டு நிர்வாகம்ல? அதுல நான் கைய வைக்கலாமா? ஒண்ணுல ஒண்ணு தலையிடக் கூடாதுன்னு நீதான சொன்னே?"

"அப்படியானால் நிர்வாகத்திடம்..."

"அவரு சாப்பிடப் போறாரு. பெறகு மேக்க வரி வசூலுக்குப் போகணும். நாளைக்கு வந்து பாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

"நான் தாலுகா கச்சேரிக்குப் போவேன்!" என்று பின்னால் கத்தினேன்.

அவர் திரும்பி, அன்பாகவே சொன்னார். "போயிட்டு வாப்பா. அங்கனயும் காலையில வரி கேக்குறவரும் மத்தியானம் கேசு கேக்குறவரும் ஒருத்தருதான். மனுவ வாங்கி, விசாரிச்சு எழுதுன்னு எங்கிட்டத்தான் அனுப்புவாக."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு இன்று வரை ஆறாத கோபம் இதில்தான். அந்தக் கூட்டத்தில் அவரிடம் சிக்காதவன் ஒருத்தன் இல்லை. வாய்க்கால் தண்ணீரிலும் வரப்பிலும் மாட்டிலும் ஆட்டிலும் அவரே பிடித்து, அவரே கேட்டு, அவரே தண்டித்த ஆட்கள் அவர்கள். நியாயமாக என் பக்கம் நின்று கொதித்திருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஆள் நாற்காலி மாறி உட்காருவதற்குப் பெயர் அதிகாரப் பிரிவினை இல்லை என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. அக்கா அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "தீர்ப்பு வாங்கிட்டு வந்துட்டியாமே தம்பி? குடு, காய்ச்சிப் புகட்டுறேன்" என்றாள்.

நேரே பவுண்டுக்கு நடந்தேன்.

உச்சி வெயில். தலையாரி சாப்பிடப் போயிருந்தார். மண்சுவர், அதன் மேல் இலந்தை முள், கனத்த பலகைக் கதவு, அதில் பூட்டு. நான் நின்று யோசித்தேன். சட்டம் என் பக்கம் இருக்கிறது. தீர்ப்பும் இருக்கிறது. நிறைவேற்ற வேண்டியவன் நிறைவேற்றவில்லை. ஆகவே நானே நிறைவேற்றலாம். அதாவது, தனித்தனியாக இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் முழங்கிய அத்தனை அதிகாரத்தையும் நானே சுருட்டி என் மடியில் கட்டிக்கொண்டேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சுவரை ஒட்டி ஒரு பூவரச மரம். அதில் ஏறி, கிளையைப் பிடித்துத் தொங்கி, உள்ளே குதித்தேன். நான் குதித்தேன். வேட்டி குதிக்கவில்லை. அது முள்ளில் மாட்டிக்கொண்டு சுவர் உச்சியில் பறந்தது. கோடு போட்ட அரை டிராயரோடு நான் சாணியில் நின்றேன். (மதுரையில் கற்றுக்கொண்ட நாகரிகம் அந்த டிராயர் ஒன்றுதான், அதுவாவது உதவியது.)

உள்ளே எங்கள் பசு, ஓர் எருமை, சில ஆடுகள். பசு என்னைப் பார்த்ததும் ஆசையாகக் கழுத்தை நீட்டியது. அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இதைச் சுவர் தாண்டி எப்படித் தூக்குவது? சுவருக்கு வெளியே நின்றபோது இது தோன்றவே இல்லை. சரி, நானாவது வெளியேறலாம் என்று பார்த்தால், உள்ளே தரை பள்ளம். சுவர் எட்டவில்லை. எருமை மேல் ஏறிப் பார்த்தேன். அது என்னை உதறிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

சுவர் மேல் வெள்ளை வேட்டி பறந்தால் ஊர் சும்மா இருக்குமா? முதலில் ஒரு பெண் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். "யாத்தே, உள்ள ஆளு நிக்கிது!" என்றாள். கொஞ்ச நேரத்தில் கதவு இடுக்கெல்லாம் கண்ணாக இருந்தது. "டவுசருல கோடு போட்டிருக்குடோய்!" என்று யாரோ வெளியே இருந்தவர்களுக்கு விவரம் சொன்னார்கள்.

முன்சீப் வந்தார். மேற்கே வரி வசூலுக்குப் போனவர் செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார் போல. கதவைத் திறக்கவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, தலையாரியிடம் கேட்டார்.

"ஏ கருப்பணா, உள்ள அடைச்சது எத்தனை உருப்படி?"

"பசு, எருமை, ஆடுக. இப்ப ஒண்ணு கூட நிக்கிதுய்யா."

"அது யாருது?"

"தெரியலய்யா. உரியவுக வந்து அடையாளம் சொன்னாத்தான்."

"அதான முறை. வரட்டும்."

"நான் மனிதன்!" என்று உள்ளே இருந்து கத்தினேன். "நான் இந்நாட்டின் குடிமகன்!" எருமை திரும்பிப் பார்த்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்பா குரல் கேட்டது. சந்தையிலிருந்து நேரே வந்திருக்கிறார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா யாருக்கும் வளையாதவர். வரியைத் தவணைக்கு முன்னால் கட்டுகிறவர், அந்தச் சாவடிப் பக்கமே தலைவைக்காமல் வாழ்ந்தவர். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்துக் கக்கத்தில் வைத்தார். நான் பார்த்த வரை அதற்கு முன்னால் அப்பா அப்படிச் செய்ததில்லை.

"உள்ள நிக்கிறது உங்களுதாங்க?" என்று கேட்டார் முன்சீப்.

"ஆமாய்யா."

"அடையாளம் சொல்லுங்க."

"பசு மயிலை. இடது கொம்பு உள்ளடங்கியிருக்கும்."

"இன்னொண்ணு?"

"இடது புருவத்துல தழும்பு. சின்னதுல கெணத்துப் படியில விழுந்தது."

"வேற?"

"பேச்சு அதிகம்" என்றார் அப்பா.

ஊரே சிரித்தது. முன்சீப்பும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கக்கத்துத் துண்டை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார். நான் சாணியில் டிராயரோடு நின்றதைக்கூட மன்னித்துவிடுவேன். அப்பாவை அப்படி நிற்க வைத்ததை மன்னிக்க மாட்டேன்.

கதவு திறந்தது. அப்பா என் பக்கம் பார்க்காமலே துண்டை நீட்டினார். இடுப்பில் கட்டிக்கொண்டேன். முன்சீப் அங்கேயே நின்று உத்தரவு போட்டார். "பசு மேல குத்தமில்லன்னு தீர்ப்பாயிருச்சு, ஓட்டிட்டுப் போங்க. தம்பி சர்க்காரு பவுண்டுல அத்துமீறி எறங்குனது குத்தம். பொழுது சாயிற வரைக்கும் சாவடியில இருக்கட்டும்."

"இதைச் சொல்வது யார்? நிர்வாகமா, நீதியா?" என்று கேட்டேன். (இடுப்பில் துண்டோடும் கேட்டேன். அப்பா சொன்ன அடையாளம் சரிதான்.)

"ரெண்டு பேரும் கலந்து பேசிட்டோம்ப்பா" என்றார் முன்சீப்.

அக்கா செம்போடு பவுண்டு வாசலிலேயே காத்திருந்தாள். வீடு வரை போகக்கூட இல்லை. அங்கேயே குத்தவைத்துப் பசுவைக் கறந்தாள்.

சாவடிக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பேச்சி என்ற பெண் வந்து நின்றாள். களை எடுத்துப் பிழைக்கிறவள், புருஷன் இல்லாதவள். பவுண்டில் நான் பார்த்த ஆடுகள் அவளுடையவை. எப்போது பிடித்தது என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னால் என்றாள், அப்போது சித்திரை. விசாரணை நடந்ததா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கேட்க வேண்டுமே அம்மா! ஒரே ஆள் பிடித்து, ஒரே ஆள் தீர்ப்புச் சொன்னால் அநியாயம் இல்லையா? அதைத்தான் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்கிறேன்."

"என்ன தம்பி நீங்க! இப்ப ஒருத்தரு கால்ல விழுந்தாப் போதும். மூணு பேரா ஆக்குனா நான் மூணு பேரு கால்ல விழணும்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை. மூன்று பேர் இருந்தால் காலில் விழவே வேண்டாம், ஒருவன் அநியாயம் செய்தால் இன்னொருவனிடம் போய் நிற்கலாம், அவனுக்கும் இவனுக்கும் ஆகாது, அந்த ஆகாமைதான் நமக்குக் காவல் என்று சொன்னேன். புத்தகத் தமிழை விட்டுவிட்டு, அன்று முதல் தடவையாக ஊர்ப்பேச்சில் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆகாத மூணு பேரா? அப்படின்னா சரிதான்" என்றாள். "அவுக எப்ப வருவாக?"

நான் ஆடுகள் எத்தனை, என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே அவளுக்காகத் தாலுகாவுக்கு மனு எழுதிப் போட்டேன். முன்சீப் சொன்னபடியே அது விசாரணைக்கு அவரிடமே வந்தது. விசாரித்ததில் உண்மை இல்லை என்று அவரே எழுதி அனுப்பினார். ஆனால் ஆடுகள் வெளியே வந்துவிட்டன. பவுண்டைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்ததால், தொல்லை வேண்டாம் என்று முன்சீப் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். இதை என் வெற்றி என்று நான் இன்றும் சொல்கிறேன். கோடு போட்ட டிராயரின் வெற்றி என்று என் வீட்டில் சொல்கிறார்கள்.

அரசியல் சட்டம் வந்தது. நீதியை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்ததைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து துள்ளினேன். பிறகு கூர்ந்து படித்தால், 'நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்றுதான் இருந்தது, எப்போதைக்குள் என்று இல்லை. எடுத்து முடிக்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதற்குள் பேச்சியும் போய்விட்டாள், முன்சீப்பும் போய்விட்டார். முன்சீப் சாவுக்கு நான் போனேன். அங்கும் என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பெண் பார்த்தபோது மாமனார் விசாரித்தது என் வேலையை இல்லை. "பவுண்டுல இருந்து மீட்டது இவரத்தானா?" என்று கேட்டார். என் மனைவி, கல்யாணப் பந்தலில் என் புருவத்தைப் பார்த்துத் தழும்பைச் சரிபார்த்த பிறகுதான் தலையைக் குனிந்தாளாம். பஸ் நிலையத்தில் நான் எங்காவது ஒதுங்கினால் என் பிள்ளைகள், "உரியவர்கள் வந்து அடையாளம் சொல்லவும்" என்று கூவுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வந்தால் இன்னும் சிரிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அப்பா மட்டும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. யாராவது எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். கடைசிக் காலத்தில் அவரை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அழைத்துப் போக நின்றபோது, வார்டில் இருந்த நர்ஸ், "இந்தப் பெரியவருக்கு உரியவங்க யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்று முன்னால் போனேன்.

அப்பா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன். மூச்சு வாங்க வாங்க, என் காதில் சொன்னார்.

"ஏலே, அடையாளம் கேப்பாக. பாத்துச் சொல்லு."